வயல்வெளி இரவைப் பதிவு செய்யலாமா? – வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன: டெல்டாவின் ஏரி, வயல், உப்பங்கழி ஓரங்களில் இரவில் எழும் உயிரினங்களின் ஒலியைப் பதிவு செய்து, மன அமைதிக்காகக் கேட்பது. ஆகவே இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில் தரப்படுகிறது.

கேள்வி: எங்கள் பூர்வீகம் மன்னார்குடி பக்கத்துக் கிராமம். எழுபது வயதைக் கடந்த என் தாயார் இப்போது என்னுடன் சென்னையில், அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறார். தவளைச் சத்தம் இல்லாமல் தூக்கம் பிடிக்கவில்லை என்று அடிக்கடி குறைப்படுகிறார். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது கைப்பேசியிலேயே பதிவு செய்து வரலாமா?
– சென்னை வாசகி

பதில்: தாராளமாகச் செய்யலாம், பருவமும் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது என்றாலும், தவளைகளைப் பாட வைப்பதில் ஆற்றுநீரைவிட மழைநீருக்கே பங்கு அதிகம். சம்பா வயல்களில் தண்ணீர் கட்டி நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெருமழை பெய்தால், அன்றிரவும் அதையடுத்த ஓரிரு இரவுகளிலும் எழும் ஒலி ஆண்டின் மற்ற நாட்களில் கிடைக்காது. தை மாதம் அறுவடை முடிந்து, ஈரம் காய்ந்து, உளுந்து முளைத்த வயலில் போய் நின்றால் பூச்சிகளின் ரீங்காரம்தான் மிஞ்சும். ஆகவே பயணத் தேதியை விடுமுறைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்வதோடு, வானிலை அறிக்கையையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கைப்பேசியில் உள்ள ஒலிப்பதிவுச் செயலி மனிதப் பேச்சுக்காக அமைக்கப்பட்டது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். இடைவிடாமல் ஒரே சீராக வரும் எந்த ஒலியையும் அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். நாம் விரும்பிப் பதிவு செய்யப் போகும் ஒலியோ பெரும்பாலும் இடைவிடாமல் ஒரே சீராக வருவதுதான். எனவே இரைச்சல் நீக்கத்தையும், ஒலியளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் வசதியையும் நிறுத்தி வைக்க இடம் தருகிற, ஒலியைச் சுருக்காமல் வேவ் (WAV) வடிவில் சேமிக்கிற ஒரு செயலியைப் பயன்படுத்துங்கள். பதிவைத் தொடங்கும் முன் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். நாற்பது நிமிடம் நன்றாக வந்த பதிவின் நடுவே அழைப்பு மணி ஒலிப்பதைப் போன்ற எரிச்சல் வேறில்லை.

அடுத்தது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது. தவளைகள் வரப்பில் வரும் காலடி அதிர்வை உணர்ந்தவுடன் வாயை மூடிக்கொள்ளும். ஆள் அசையாமல் இருந்தால் சில நிமிடங்களில் முதலில் ஒன்று தயங்கித் தொடங்கும், பிறகு பக்கத்து வயல் பதில் சொல்லும், அதன்பின் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆகவே இடுப்பளவு உயரமுள்ள மூங்கில் கழி ஒன்றை வரப்பு ஓரத்தில் ஊன்றி, கைப்பேசியை அதில் கட்டி, பதிவை இயக்கிவிட்டு, இருபது முப்பது மீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்துவிடுவதே சிறந்த முறை. கையில் பிடித்தபடி பதிவு செய்தால் உங்கள் மூச்சும் விரல் உரசலும்தான் முன்னால் கேட்கும். பத்து நிமிடப் பதிவை வெட்டி ஒட்டி ஒரு மணி நேரமாக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். ஒரே நாய்க் குரைப்பு அதே இடத்தில் மூன்றாம் முறை வரும்போது காது அதைக் கண்டுபிடித்துவிடும், பிறகு தூக்கம் வராது. ஒரு மணி நேரம் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள்.

தாயாருக்குப் போட்டுக் காட்டும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. வயது ஏறும்போது செவித்திறன் முதலில் குறைவது உச்ச ஒலிகளில்தான். ஆகவே உங்களுக்குத் துல்லியமாகக் கேட்கும் சுவர்க்கோழிச் சத்தம் அவருக்குக் கேட்காமலே போகலாம். அதை ஈடுகட்டுவதற்காக ஒலியைக் கூட்டாதீர்கள். மேலும், கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் பெரிய தவளையின் அடிக்குரலை எழுப்ப முடியாது. ஓரளவு பெரிய ஒலிபெருக்கியைக் கட்டிலிலிருந்து தள்ளி, முடிந்தால் சன்னல் பக்கமாக வைத்து, அடுத்த அறையில் பேசுவது போன்ற அளவில் ஒலிக்க விடுங்கள். தலைமாட்டில் வயல் இருந்ததில்லை. சன்னலுக்கு வெளியேதான் இருந்தது.

கேள்வி: இவ்வொலிகளைக் கேட்டால் மன அழுத்தம் குறையும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா, அல்லது இதுவும் ஒரு வியாபாரமா?
– பாபநாசம் வாசகர்

பதில்: இரண்டும் உண்டு. 2010-இல் சுவீடனில் நாற்பது பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், மனக்கணக்குப் போடச் சொல்லிப் பதற்றம் ஏற்படுத்திய பின், நீரும் பறவையும் கலந்த ஒலியைக் கேட்டவர்களின் தோலின் மின்கடத்துத்திறன் (பதற்றத்தில் வியர்க்கும்போது கூடும் ஓர் அளவு), சாலை இரைச்சலைக் கேட்டபோது இருந்ததைவிட விரைவாக இயல்புநிலைக்குத் திரும்பியது. அதே ஆய்வில் இதயத்துடிப்பு சார்ந்த அளவீட்டில் அத்தகைய விளைவு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2021-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழக இதழில் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, நீரொலி மனநிலையை மேம்படுத்துவதிலும், பறவையொலி அழுத்தத்தையும் எரிச்சலையும் குறைப்பதிலும் முன்னிற்பதாகக் கண்டது. இவற்றில் பேசப்படுவது நீரும் பறவையும். அந்தச் சான்றை அப்படியே தவளைக்கும் ஆந்தைக்கும் நீட்டுவது நேர்மையாகாது.

என் கருத்தைக் கேட்டால், பழக்கமே பெரும் பங்கு வகிக்கிறது. வயலோரம் பிறந்து வளர்ந்தவருக்குத் தாலாட்டாக இருப்பது, நகரத்தில் வளர்ந்த மருமகனுக்குத் தலைவலியாக இருக்கலாம். நம் பகுதியிலேயே இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையைக் கஜா புயல் கடந்த இரவைக் கூரையின்றிக் கழித்தவர்களில் சிலருக்குக் காற்றும் மழையும் கலந்த பதிவு அமைதியைத் தராமல் கலக்கத்தையே தரக்கூடும். யாருக்கேனும் போட்டுக் காட்டும் முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. தொடர்ந்து பல வாரங்களாகத் தூக்கம் இல்லாதவர்களும், காதில் ஓயாத இரைச்சல் கேட்பவர்களும் பதிவை நம்பி நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கேள்வி: என் ஆறு மாதக் குழந்தைக்கு இரவு முழுவதும் போட்டு வைக்கலாமா?
– நாகப்பட்டினம் வாசகி

பதில்: இரவு முழுவதும் வேண்டாம். குழந்தை உறங்கியதும் நிறுத்திவிடுங்கள். கருவியைத் தொட்டிலுக்கு அருகில் வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கிணற்றடியில் மழை நாட்களில் இரவில் ‘டக்... டக்-டக்-டக்’ என்று யாரோ கட்டையில் தட்டுவது போன்ற ஒலி கேட்கிறது. விளக்கைப் போட்டால் நின்றுவிடுகிறது. வீட்டில் உள்ளவர்கள் பயப்படுகிறார்கள். அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அது என்ன?
– வலங்கைமான் வாசகர்

பதில்: பயப்பட ஒன்றுமில்லை, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது மரத்தவளையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. பழுப்பு நிற உடலும், விரல் நுனிகளில் சிறு வட்டத் தட்டுகளும் கொண்ட இது, சுவரில் செங்குத்தாக ஏறும். குளியலறை, தண்ணீர்த் தொட்டி, கிணற்றின் உட்சுவர் ஆகியவற்றை விரும்பித் தேடி வரும். பகலில் தொட்டியின் உட்புறச் சுவரைப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கையளவில், சோப்பு நுரை காய்ந்தது போன்ற ஒரு வெண்ணிறக் கட்டி ஒட்டியிருந்தால் அதுதான் அதன் கூடு. முட்டைகள் அந்த நுரைக்குள் இருக்கும். பொரிந்த தலைப்பிரட்டைகள் நுரை இளகியதும் கீழே நீரில் விழும். தொட்டியைக் கழுவுபவர் அதை அழுக்கு என்று எண்ணித் துடைப்பத்தால் தள்ளிவிடுவது வழக்கம். சில நாட்கள் பொறுத்தால் தானே கரைந்துவிடும்.

மற்ற குரல்களையும் அறிந்துகொண்டால் பதிவைக் கேட்பதில் சுவை கூடும். சீப்பின் பற்களில் நகத்தை இழுத்தாற்போல் ‘க்ர்ர்ர், க்ர்ர்ர்’ என்று காதைத் துளைக்கும் ஒலி, கட்டைவிரல் நுனியளவே உள்ள குறுவாய்த் தவளையுடையது. அவ்வளவு சிறிய உடலிலிருந்து அவ்வளவு பெரிய ஒலியா என்று நேரில் பார்த்தாலும் நம்ப முடியாது. ஆழ்ந்த குரலில் விட்டுவிட்டு அதட்டுவது வயலில் வாழும் பெரிய தவளை. பெருமழைக்குப் பின் அதன் ஆண் எலுமிச்சை மஞ்சளாக நிறம் மாறி, தாடையின் இருபுறமும் நீலப் பைகளை உப்பவைத்துக் கத்தும். ஒரு காலத்தில் இதன் கால்களுக்காகவே இதைச் சாக்குச் சாக்காகப் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். 1987-இல் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. தன் வாயால் கெட்டது என்று நாம் பழிப்பது இந்தத் தவளையைத்தான், ஆனால் அது கெட்டது நம் வாயால்.

பறவைகளில், தலைக்கு மேலே இருட்டில் ‘குவாக்’ என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டுச் செல்வது வக்கா. தரையிலிருந்து ‘சக்... சக்... சக்-சக்-கர்ர்’ என்று மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்து முடிவது பக்கி. கூட்டமாகச் சீழ்க்கை அடித்தபடி வயலில் இறங்குவது சிறகி; இரவில் வயல்களில் மேய்வது அதன் வழக்கம். நடுச்சாமத்தில் வீறிட்டு ஊரை எழுப்புவது ஆள்காட்டி. அது கத்தினால் பதிவில் அடுத்த சில நிமிடங்களை உற்றுக் கேளுங்கள். நரியோ நாயோ நீங்களோ அங்கே நடமாடியிருப்பீர்கள்.

கேள்வி: கோடியக்கரையிலோ உதயமார்த்தாண்டபுரத்திலோ இரவு தங்கிப் பதிவு செய்ய முடியுமா?
– வேதாரண்யம் வாசகர்

பதில்: சரணாலய எல்லைக்குள் நினைத்தபோது நுழைந்து இரவு தங்க முடியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆய்வு, படப்பிடிப்பு போன்றவற்றுக்கு உரிய அனுமதியை முன்கூட்டியே எழுத்து மூலம் பெற வேண்டும். மாவட்ட வன அலுவலகத்தில் விசாரித்தால் நடைமுறையைச் சொல்வார்கள். கோடியக்கரை 2002 முதலும், வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022 முதலும் ராம்சார் ஈரநிலங்களாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களாக, பட்டியலில் உள்ளவை என்பதால் கண்காணிப்பும் கூடுதலாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும்.

ஆனால் உங்கள் நோக்கத்துக்கு உள்ளே போக வேண்டிய தேவையே இல்லை என்பது என் எண்ணம். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது, மேல்நோக்கிச் செல்லும் ஒலி வளைந்து தரைக்கே திரும்புவதால், பகலில் எட்டாத தூரத்து ஒலியும் எட்டும். நூற்றுக்கணக்கான பறவைகள் அடைந்திருக்கும் ஏரியின் ஒலி அதன் எல்லைக்கு வெளியே உள்ள பொதுச்சாலையிலேயே தெளிவாகக் கேட்கும். கூடு கட்டும் பருவத்தில் உள்ளே நடமாடினால் தாய்ப்பறவை கூட்டைவிட்டுப் பறக்கும். அந்த இடைவெளியில் முட்டையும் குஞ்சும் காக்கைக்கும் பாம்புக்கும் இரையாகும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் இதே முறைதான்: அனுமதி பெற்ற படகில் பகலில் சுற்றிப் பாருங்கள், இரவுப் பதிவைக் கரையோர ஊரிலிருந்து செய்யுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். இதற்கென்று ஒரு கருவி வாங்க விரும்புகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– கும்பகோணம் வாசகர்

பதில்: கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்று போதும், விலை உயர்ந்த ஒலிவாங்கிகளுக்கு இப்போதே செல்ல வேண்டாம். இரண்டு ஒலிவாங்கிகள் கொண்ட இருதட ஒலிப்பதிவாக இருந்தால், காதில் அணியும் ஒலிபெருக்கியில் கேட்கும்போது இடப்பக்க வயலும் வலப்பக்க வாய்க்காலும் பிரிந்து தெரியும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு மணி நேர இருதடப் பதிவுக்கு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் இடம் பிடிக்கும் என்பதைக் கணக்கிட்டு நினைவக அட்டையைத் தேர்ந்தெடுங்கள். கருவியின் ஒலி அளவுமானியில் பூஜ்யம்தான் உச்ச எல்லை; அதற்குக் கீழே −12 டெசிபெலைத் தாண்டாதவாறு வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பெரிய தவளை திடீரென்று அருகில் வந்து கத்தினால் எல்லை மீறி ஒலி சிதைந்து பதிவு கிழிந்துவிடும். கிழிந்ததைச் சரிசெய்ய வழியில்லை.

கருவியின் விலையைவிட நம் பகுதியில் அதிகம் பார்க்க வேண்டியது காற்றும் ஈரமும். ஒலிவாங்கிக்கு மேல் அடர்ந்த செயற்கை உரோமத் துணியால் ஆன உறை கட்டாயம் வேண்டும். கடலோரத்தில் அது இல்லாமல் ‘பொத்துப் பொத்து’ என்ற ஒலியைத் தவிர எதுவும் பதியாது. மார்கழிப் பனியில் கருவி நனையும். குளிரூட்டிய காரிலிருந்து எடுத்து உடனே வெளியே வைத்தால் ஒலிவாங்கியில் நீர் கோத்துக்கொள்ளும். பையிலேயே சிறிது நேரம் வைத்து வெளிவெப்பத்துக்குப் பழகவிட்ட பிறகு எடுங்கள். வீடு திரும்பியதும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் பம்புசெட் ஓடாத இரவே இல்லை. பதிவு செய்தபின் கணினியில் அந்த ஒலியை நீக்கிக்கொள்ளலாம் அல்லவா?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: ஓரளவுதான் முடியும். ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பகுதியை வடிகட்டினால் தொலைவில் ஓடும் எஞ்சினின் அதிர்வு குறையும். அதற்கு மேல் வெட்டிக்கொண்டே போனால் பெரிய தவளையின் அடிக்குரலும் சேர்ந்து போய்விடும். ‘இரைச்சல் நீக்கி’ என்ற பொத்தானை அழுத்தினாலோ, மென்பொருள் எஞ்சினோடு சுவர்க்கோழியையும் நீக்கிவிட்டு, தண்ணீருக்கடியில் கேட்பது போன்ற ஒரு விசித்திர ஒலியை விட்டுவைக்கும். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. நல்ல மழை பெய்த இரவில் யாரும் தண்ணீர் இறைப்பதில்லை. தவளைகள் கத்துவதும் அதே இரவில்தான். மின்வெட்டு ஏற்பட்டால் எல்லோரும் புலம்பும்போது நீங்கள் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

ஊர் ஒலிபெருக்கிகளின் சத்தம் பதிவில் கலப்பதைப் பற்றியும் சிலர் எழுதியிருந்தீர்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலியளவு 45 டெசிபெலைத் தாண்டக்கூடாது. மார்கழி விடியலில் அந்த விதியை எடுத்துக்கொண்டு ஊரோடு சண்டைக்குப் போவதைவிட, பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள் பதிவை முடித்துக்கொள்வது சுலபம்.

கேள்வி: இரவில் வயல்வெளிக்குத் தனியே செல்ல வீட்டில் அனுமதிக்கவில்லை. அவ்வளவு ஆபத்தா?
– தஞ்சாவூர் கல்லூரி மாணவர்

பதில்: வீட்டார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தவளை மிகுந்த இடத்தில் அதைத் தேடி வரும் பாம்பும் இருக்கும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன் மூன்றும் நம் வயல்களில் உள்ளவை; கட்டு விரியன் இரவில்தான் நடமாடும், அதன் கடி வலிக்காமலே இருந்துவிடக்கூடும். முழங்கால் வரையிலான ரப்பர் காலணி அணியுங்கள். நடக்கும்போது விளக்கை அணைக்காதீர்கள், உட்காரும் இடத்தை விளக்கடித்துப் பார்த்த பிறகே உட்காருங்கள். கடி என்ற ஐயம் எழுந்தாலே, கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதையும் செய்யாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காலில் புண் இருக்கும்போது வெறுங்காலுடன் சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

துணைக்கு ஒருவரை, முடிந்தால் அந்த நிலத்துக்காரரையே, அழைத்துச் செல்லுங்கள். காட்டுப்பன்றிக்காகச் சில இடங்களில் மின்வேலி போட்டிருப்பார்கள். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். நள்ளிரவில் விளக்கோடு வரப்பில் குந்தியிருக்கும் அந்நியரைப் பார்த்தால் மோட்டார் திருட வந்தவர் என்றுதான் ஊர் எண்ணும் என்பதும் ஒரு காரணம்.

கேள்வி: பதிவு செய்த ஆந்தைக் குரலை அங்கேயே ஒலிக்கவிட்டால் மற்ற ஆந்தைகள் பதில் தருகின்றன. இதில் தவறு உண்டா?
– திருவாரூர் வாசகர்

பதில்: உண்டு. தன் எல்லைக்குள் வேறோர் ஆந்தை புகுந்துவிட்டது என்று எண்ணியே அது பதில் தருகிறது. வேட்டையை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடுகிறது. எலியைப் பிடிக்க ஆந்தை வந்து அமரட்டும் என்று விவசாயிகள் வயலில் குச்சி நட்டு வைக்கும் ஊரில், அதன் வேலையைக் கெடுப்பது நமக்கே நட்டம்.

கேள்வி: என் பதிவுகளில் புல்லாங்குழல் இசையைச் சேர்த்து வெளியிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வேறு எங்கேனும் அவற்றைப் பயனுள்ள வகையில் சேர்த்து வைக்க முடியுமா?
– மயிலாடுதுறை வாசகர்

பதில்: குழலிசை வேண்டுமென்றால் குழலிசையையே கேட்கலாம், அதற்குப் பின்னால் தவளை எதற்கு? அது உங்கள் விருப்பம். ஆனால் எதையும் கலக்காத மூலப்பதிவைத் தனியே பாதுகாத்து வையுங்கள். 2005-இல் நெதர்லாந்தில் தொடங்கப்பட்ட சேனோ-கான்டோ என்ற இணையக் களஞ்சியத்தில் உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் பதிவுகளைக் கட்டணமின்றிச் சேர்க்கிறார்கள். பறவைகளோடு தொடங்கிய அது இப்போது தவளைகளையும் பூச்சிகளையும் ஏற்கிறது. நம் டெல்டா வயல்களின் குரல் அங்கே இடம்பெறுவது, பின்னாளில் எந்த இனம் எந்த ஊரில் இருந்தது என்று தேடுபவருக்குக் கை கொடுக்கும்.

அதற்கு ஒரு பழக்கம் வேண்டும். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் ஊர், தேதி, நேரம், மழை பெய்ததா, வயலில் என்ன பயிர், எவ்வளவு நீர் என்பதை உங்கள் குரலிலேயே சொல்லி முடியுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எழுத மாட்டோம். கோப்பின் பெயரிலும் தேதியையும் ஊரையும் இட்டு, இரண்டு இடங்களில் நகல் வையுங்கள். பொதுவில் சேர்க்கும்போது, கூடு இருக்கும் மரத்தின் துல்லியமான இடத்தை மட்டும் குறிப்பிட வேண்டாம், ஊர்ப்பெயர் போதும்.